ஒரு கை மண்

“சுப்ஹான் தாத்தா ஏன் மண்ணு போட்டுக் கை கழுவுறாரு?” என்று பிரவீனா ஒருநாள் கேட்டாள்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. சமையலறைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்து நின்றாள். அங்கே வாழை மரத்தடியில் சுப்ஹான் குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளித் தண்ணீரில் குழைத்து, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தார். ரூபேந்திரன் மகளின் ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னான்.

“அவரு அந்தக் காலத்து ஆளும்மா. சவுக்காரம் கிடைக்காத காலத்துல பழகினது.”

“நம்ம வீட்டுச் சவுக்காரத்த மிச்சம் பிடிச்சுக் குடுக்குறாரு,” என்று அவன் மனைவி ஷாமளா சிரித்தாள்.

குழந்தை அதை நம்பினாள். சொன்னவர்களும் நம்பினார்கள். வசதியான பதில் ஒன்று கிடைத்துவிட்டால், கேள்வியை மறுபடி எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உள்ளறைக் கட்டிலில் அப்போது ரூபேந்திரனின் அப்பா ஐயாசாமி கிடந்தார். கெலாங் பாத்தாவிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டியே தலை நரைத்தவர். காய்ச்சலானாலும் மழையானாலும் முகச் சவரம் செய்யாமல் அவர் வண்டிச் சாவியைத் தொட்டதில்லை. இருட்டில் பஸ் ஏறுகிறவன் முதலில் பார்ப்பது ஓட்டுநரின் முகத்தைத்தான், அது தூங்கி எழுந்த முகமாக இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. சவரம் முடித்து நேரே சுப்ஹானின் ரொட்டிக் கடைக்குப் போவார். சுப்ஹான் தேத்தண்ணியை உயர்த்தி ஆற்றிக்கொண்டே, “வந்துட்டாரய்யா மாப்பிள்ளை. பொண்ணு எங்கே?” என்பார். “உன் கடை ரொட்டியத் தின்னுட்டு ஆஸ்பத்திரில இருக்கா,” என்பார் ஐயாசாமி. இத்தனை வருடமாக இதே இரண்டு வரிகள்தான். இருவருக்கும் அலுக்கவில்லை.

பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ வாயில் தங்கிவிட்டது. பசித்தால் “சரி” என்பார். வலித்தால் “சரி” என்பார். கோபம் வந்து இடது கையால் தட்டைத் தள்ளிவிடும்போதும் அதே “சரி”தான்.

வாயின் ஒரு பக்கம் மூடாததால் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. வழிந்த எச்சில் தாடிக்குள் ஊறி, தோல் வெந்து சிவந்தது. பிறகு புண்ணானது. முகத்தை மழித்துக் காயவிட்டால்தான் ஆறும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ரூபேந்திரன் துவாஸில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் அவனுக்கு வீட்டில் மிஞ்சுவது உறக்கம் மட்டுமே. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், டப்பா நுரையை அப்பாவின் முகத்தில் பீய்ச்சி, பிளாஸ்டிக் ரேஸரால் இழுத்தான். நுரை புண்ணில் எரிந்தது. ஐயாசாமி முகத்தைத் திருப்பினார். கன்னத்தில் நீளமாக ஒரு வெட்டு விழுந்தது.

“சரி... சரி... சரி...”

“கொஞ்சம் சும்மா இருங்களேன்ப்பா!”

“சும்மா இருக்கறதத் தவிர அவரு வேற என்ன செய்யறாரு?” என்று வாசலில் நின்ற ஷாமளா சொன்னாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அந்தச் சொல் பாலம் முழுக்க அவன் பின்னால் உட்கார்ந்து வந்தது.

அந்த வாரக் கடைசியில் சுப்ஹான் பார்க்க வந்தார். முழங்கால் வலியால் கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். நண்பரின் முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார், ரூபேந்திரனைப் பார்த்தார். “இவரு பிரஷ்ஷும் கிண்ணமும் எங்கே?” என்றார்.

அந்தப் பிரஷ்ஷை ரூபேந்திரனுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஜொகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் அப்பா வாங்கி வந்தது. மரக் கைப்பிடி, வெளிறிய முரட்டு முடி. வந்த புதிதில் நனைந்த ஆட்டைப் போல நாறியது. சோப்பு நுரையையெல்லாம் தானே குடித்துவிட்டு முகத்துக்கு ஒன்றும் தராமல் விறைத்து நின்றது. ஐயாசாமி விடவில்லை. புதுச் செருப்பைப் பழக்குவதுபோல அதைப் பழக்கினார். தினமும் மாலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, உள்ளங்கையில் நுரை கிளப்பி, நுரையோடு அப்படியே விட்டு, காலையில் அலசி, முடி கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டி வைப்பார். “பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்கிட்டா கோயில் கட்டலாம்,” என்று அப்போது உயிரோடிருந்த ரூபேந்திரனின் அம்மா முணுமுணுப்பாள். சில மாதங்களில் ஒவ்வொரு முடியும் நுனியில் பிளந்து பஞ்சாகிவிட்டது. அடிமுடி உறுதி குறையவில்லை. நுனி மட்டும் பூனைக்குட்டியின் காது மாதிரி ஆனது.

அந்தப் பிரஷ்ஷைத்தான் சுப்ஹான் கேட்டார். கையில் வாங்கிக் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். நுனியைக் கட்டைவிரலால் நீவினார். ஒரு கணம் தாமதித்த மாதிரி இருந்தது. பிறகு சுடுநீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, விரல் விட்டுப் பார்த்து, அதில் முடியை ஊறப் போட்டார்.

“காலமெல்லாம் தேத்தண்ணியில நுரை கிளப்பினவன் நான். இது என்ன பெரிய வித்தையா?” என்றார்.

ஆனால் அது வித்தைதான். பிரஷ்ஷை முகத்தில் அழுத்தவில்லை. நுனியால் மட்டும், குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல வட்டம் வட்டமாகத் தொட்டார். புண்ணின் விளிம்பில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். நுரை கெட்டியாக, சூடாக எழுந்து முகத்தை மூடியது. ஐயாசாமி கண்களை மூடினார். எத்தனையோ நாள் கழித்து அவர் தோள் தளர்ந்ததை ரூபேந்திரன் பார்த்தான்.

“சரி,” என்றார் ஐயாசாமி.

“ஆங். இதுதான் சரி,” என்றார் சுப்ஹான்.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் வந்தார். வேலை முடிந்ததும் பிரஷ்ஷை முடியின் வேர்வரை அலசி, உதறி, துண்டில் ஒற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு மெல்லப் பின்பக்கம் போய் வாழை மரத்தடியில் கை கழுவுவார். புண்கள் ஆறின. பேச்சற்ற மனிதர் அந்த இரண்டு நாளும் காலையிலிருந்தே வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பார். மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

பழைய பிரஷ் முடி உதிரத் தொடங்கியதால்தான் எல்லாம் வந்தது. அதே மாதிரி ஒன்று வாங்கிப் பழக்கி வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் ரூபேந்திரன் கைப்பேசியில் தேடினான். அதே மரக் கைப்பிடி, அதே வெளிறிய முடி. படத்தின் கீழே சிவப்பு எழுத்தில் மலாயில் இரண்டு சொற்கள்: புலு பாபி. பன்றி முடி.

பஸ் நிறுத்தத்தில் நின்றவன் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அதையே மறுபடி படித்தான்.

“சொல்லிடுங்க,” என்றாள் ஷாமளா.

“சொன்னா வருவாரா?”

“வராட்டியும் சொல்லணும்ல. அவரு அஞ்சு வேளை தொழறவரு. இவ்ளோ நாளா நாம அவரு கையில பன்னி முடியக் குடுத்துருக்கோம்.”

“தெரிஞ்சா குடுத்தோம்?”

“நேத்து வரைக்கும் தெரியாது. இன்னிக்குத் தெரியும்.”

அவனுக்கும் தெரியும். ஆனால் வாசலைப் பார்த்துக் கிடக்கும் அப்பாவின் முகம் அவன் கண்ணில் நின்றது. உண்மையைச் சொன்னால் சுப்ஹான் அருவருத்துப் போய்விடுவார், அப்பாவுக்கு இருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போய்விடுவார். சொல்லாவிட்டால் நம்பி வருகிற மனிதரை ஒவ்வொரு தடவையும் அசுத்தப்படுத்துவதாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருப்பதாக அவன் கண்டுபிடித்தான். செயற்கை முடி பிரஷ் ஒன்று வாங்குவது, பழையதை ஒளித்துவிடுவது, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருப்பது. பயந்தவனுக்கு இப்படிப்பட்ட சந்துகள் எப்போதும் கண்ணில் படும்.

பிரஷ் வந்தது. கறுப்புக் கைப்பிடி, பளபளப்பான வெள்ளை இழை. அப்பா பழக்கியதைப் போலவே இதையும் பழக்கவேண்டும் என்று அவன் நினைத்தான். கூடவே அவசரமும் இருந்தது, சுப்ஹான் மறுநாள் வருகிறார். ஆகவே மாதக்கணக்கில் நடக்கவேண்டியதை ஒரே மாலையில் முடித்துவிடலாமென்று, கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றி அதில் பிரஷ்ஷை மூழ்கவைத்துவிட்டு உறங்கப் போனான். பழையதை அலசிய ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அலமாரியின் மேல்தட்டில் தள்ளினான்.

மறுநாள் சுப்ஹான் புதுப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

“புதுசா?”

“ஆமா மாமா. பழசு முடி கொட்டுது.”

“அது எங்கே?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

சுப்ஹான் நுனியை நீவிப் பார்த்தார். இழைகள் நுனியில் சுருண்டு, தீயில் காட்டிய நூல்போல முடிச்சு முடிச்சாக இருந்தன. “கொதிதண்ணி ஊத்துனியா?”

“அப்பா ஊறவெச்சுத்தானே பழக்குவாரு?”

“அது உயிருள்ளதோட முடி தம்பி. ஊறும், வளையும், பழகும். இது பிளாஸ்டிக்கு லா. இதுக்குப் பழக்கமே வேணாம். லேசா நனைச்சு உதறினா அதுவே போதும். சூடு தாங்காது.”

ஆனாலும் அன்றைக்கு வேறு பிரஷ் இல்லை. அவர் கிண்ணத்தை எடுக்காமல் உள்ளங்கையிலேயே நுரை கிளப்பி, எவ்வளவோ மெதுவாகத்தான் போட்டார். தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரியாத இழைகள் கழுத்தில் ஒழுகவிட்டன. சுருண்ட நுனிகள் ஆறிய தோலைக் கீறின. ஐயாசாமியின் கண்ணோரத்தில் நீர் கோத்தது. “சரி,” என்றார். “சரி... சரி.”

“சரின்னுதானே சொல்றாரு,” என்றான் ரூபேந்திரன். சொல்லும்போதே அது பொய்யென்று அவனுக்குத் தெரிந்தது.

“இந்தச் சரி வேற சரி,” என்றார் சுப்ஹான். பாதியோடு நிறுத்தி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் பின்பக்கம் போகவில்லை. சமையலறைத் தொட்டியிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போனார். ரூபேந்திரன் அதைப் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பாவத்திலிருந்து தப்பித்த நிம்மதிதான் இருந்தது.

நல்ல பிரஷ்ஷாக வேறொன்று வாங்குவதாகச் சொன்னான். சொன்னபடி ஆர்டரும் செய்தான். அது வந்து சேரத் தாமதமானது. இடையில் சுப்ஹான் வருவார், வெறும் கையால் சோப்பைக் குழைத்துத் தடவிப் பார்ப்பார். முரடாகிப்போன மயிர் மசியாது. ரேஸர் இழுக்கும். ஐயாசாமி இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிறகு சுப்ஹான் ரேஸரை மூடிவைத்துவிட்டு, கடையில் யார் யார் வந்தார்கள், யார் யார் செத்தார்கள் என்று பழைய கதைகளைச் சொல்வார். தாடி வளர்ந்தது. எச்சில் ஊறியது. புண் மறுபடி வாய் திறந்தது. அலமாரியின் மேல்தட்டில் டப்பா இருந்தது. ஒரு நாற்காலி போட்டு ஏறினால் எட்டும். ரூபேந்திரன் ஏறவில்லை. தூக்கிப் போட்டேன் என்று சொன்ன வாய் எப்படி எடுத்துக்கொடுக்கும்?

இரண்டாவது தடவை பக்கவாதம் தாக்கியபோது ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள். பிளாஸ்திரி ஒட்டத் தாடி இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு தாதி கத்தரியால் அங்கங்கே வெட்டிவிட்டாள். ஐயாசாமி அதன்பின் “சரி” என்றுகூடச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் இறந்துபோனார்.

உடல் வீட்டுக்கு வந்தபோது முற்பகல். செடெனாக்கிலிருந்து அத்தை கிருஷ்ணம்மா வந்திருந்தாள். துணியை விலக்கி அண்ணனின் முகத்தைப் பார்த்தவள், “இது எங்கண்ணனே இல்ல,” என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். பாதி வெட்டிய தாடி, அதனூடே சிவந்த திட்டுகள், காய்ந்த பிளாஸ்திரிக் கறை. இருட்டில் பஸ் ஏறுகிறவன் பார்க்கக்கூடாதென்று அவர் காலமெல்லாம் தவிர்த்த முகம் அது.

முடி திருத்துகிறவருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கடையில் கூட்டம், மதியத்துக்கு மேல்தான் வரமுடியும் என்றார். சவப்பெட்டியை மதியமே எடுக்கவேண்டியிருந்தது. அப்போதுதான் சுப்ஹான் வந்தார். கூட்டம் வழிவிட்டது. கட்டிலருகில் மெல்ல உட்கார்ந்து நண்பரின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ரூபேந்திரனை அருகில் கூப்பிட்டு, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“அந்தப் பழைய பிரஷ்ஷ எடுத்துட்டு வா.”

“அது... மாமா...”

“பன்னி முடி பிரஷ்ஷத்தான் சொல்றேன். உங்கப்பா பொருள நீ தூக்கிப் போட்டுருக்க மாட்டே.”

ரூபேந்திரன் நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தான். டப்பாவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. முடியின் வேரில் சாம்பல் பூத்திருந்தது. சுப்ஹான் முகம் சுளிக்கவில்லை. “ஈரத்தோட மூடிவெச்சா எதுவும் இப்படித்தான் ஆகும்,” என்றார். ஷாமளாவிடம் கொஞ்சம் காடி கேட்டு வாங்கி, தண்ணீரில் கலந்து பிரஷ்ஷை அலசினார். சோப்புப் போட்டு அலசினார். வாடை போகும்வரை மறுபடி மறுபடி அலசினார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, அது ஊறும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கூட்டத்தில் யாரோ தாழ்ந்த குரலில், பாய் தொடலாமா, முறை என்ன ஆவது என்றார்கள். கிருஷ்ணம்மா திரும்பினாள்.

“இத்தன மாசம் தொட்டவரு அவருதான். நாமெல்லாம் முறையத்தான் தொட்டுக்கிட்டு இருந்தோம்.”



கிண்ணத்தில் பிரஷ் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. அது அடியில் ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் கிண்ணம். பிரஷ் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நெளிவைத் தொட்டு மெல்ல ஓசையிடும். காலைகளில் ரூபேந்திரன் அந்த ஓசையைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருப்பான். நுரை எழுந்தது. உயிருள்ள முகத்துக்குப் போட்டதைப் போலவே, புண்ணின் விளிம்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல், நுனியால் போட்டார். இனி எரியாதென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் போட்டார்.

முடிந்ததும் ஐயாசாமி மறுபடி ஐயாசாமி ஆனார். “வந்துட்டாரய்யா மாப்பிள்ளை,” என்று சுப்ஹான் சொன்னார். அதற்கு வரவேண்டிய பதில் வரவில்லை. அவர் எழுந்து பின்பக்கம் போனார்.

ரூபேந்திரன் பின்னாலேயே போனான். வாழை மரத்தடியில் சுப்ஹான் ஒரு கை மண்ணை அள்ளினார். பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் விட்டுக் கலக்கி, அந்த மண் தண்ணீரால் கைகளை முழங்கைவரை தேய்த்தார். பிறகு குழாயைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவினார். மறுபடி கழுவினார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மண்ணோடு ஒன்று, நல்ல தண்ணீரில் ஆறு.

சமாக். அந்த மலாய்ச் சொல்லை ரூபேந்திரனுக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரியும். பன்றி பட்ட பாத்திரத்தை, பன்றி பட்ட கையை முஸ்லிம்கள் சுத்தம் செய்யும் முறை. தெரிந்த சொல்தான். கண்ணெதிரே நடந்ததோடு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஐந்து வயதுக் குழந்தை கேட்ட கேள்வி இப்போது வந்து அவன் முன்னால் நின்றது.

“எப்போலேருந்து தெரியும் மாமா?”

“மொத நாளே. நான் ரொட்டிக் கடை வெச்சிருந்தவன்ப்பா. கல்லுக்கு எண்ணெய் தடவுற பிரஷ் என்ன முடின்னு பாக்காம கடை நடத்த முடியுமா? தொட்டாலே தெரியும். நனைஞ்சா வாசமும் சொல்லிடும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்ன செய்வே? பதறிப்போயி புதுசு வாங்குவே. இவருக்கு எரியும்.” கைகளை உதறினார். “எனக்கு என்ன. ஒரு கை மண்ணு, கொஞ்சம் தண்ணி. தொட்டா கழுவுன்னுதான் கட்டளை. கழுவுறதுக்கு வழியும் அவனே குடுத்துருக்கான்.”

சுப்ஹான் குழாயை மூடினார். மூடியபின் இன்னும் ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் வரமாட்டேன்னு நெனச்சியா தம்பி?”

பழைய பிரஷ்ஷை ரூபேந்திரன் அப்பாவின் பெட்டிக்குள், இடது கையருகில் வைத்தான். அது அவரோடு எரிந்தது. ஆர்டர் செய்திருந்த புதுச் செயற்கை முடி பிரஷ், அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த நாளில் வாசலில் கிடந்தது.

அதைப் பிரிக்கவே பல நாள் ஆயிற்று. பிரித்தபின் தன் முகத்துக்குத்தான் பயன்படுத்தினான். வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக நனைப்பான், நன்றாக உதறுவான், சோப்பைக் கொஞ்சமாக எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் சுழற்றுவான். முடிந்ததும் அலசி, துடைத்து, அப்பாவின் ஆணியில் மாட்டுவான். சூடு படாத அந்த இழை மிருதுவாகவே இருந்தது. எவ்வளவு மிருது என்று தெரியும் ஒவ்வொரு காலையிலும் அவன் கன்னம் எரிந்தது.

மறுவருடம் நோன்பு முடிந்த சில வாரங்களில் சுப்ஹானின் மனைவி ஜாஹிதா போன் செய்தாள். சர்க்கரை அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. கண்ணும் ஏறக்குறையப் போய்விட்டது. ரூபேந்திரன் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருந்தான். இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

“முகமெல்லாம் காடா கெடக்கு தம்பி. மவன் மெர்சிங்லேருந்து எப்பவாச்சும்தான் வரான். என் கை நடுங்குது, கத்தியத் தொட பயமா இருக்கு. யாரையும் கிட்ட விடமாட்டேங்குறாரு. ஐயாசாமி மவன வரச் சொல்லு, அவங்கப்பா கிண்ணத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்குறாரு.”

“கிண்ணமா?”

“அந்தச் சத்தம் கேக்கணுமாம். கண்ணுதான் தெரியலையே, காதுலயாச்சும் கேக்குறேங்குறாரு.” பிறகு சொன்னாள்: “இன்னொண்ணும் சொன்னாரு. கழுவுறத நான் பாத்துக்குறேன், அதுக்காக யோசிக்காதேன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. என்ன கழுவுறதோ, எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

“இன்னிக்கே வரேன் மாமி,” என்றான் ரூபேந்திரன்.

ஷாமளா வேலைக்குப் போயிருந்தாள். பிரவீனா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆணியிலிருந்து பிரஷ்ஷையும், அலமாரியிலிருந்து கிண்ணத்தையும் ரேஸரையும் எடுத்துக்கொண்டு அவன் பின்பக்கம் போனான். இத்தனை மாதமாகத் தினமும் கழுவிய கிண்ணம்தான், பளபளவென்றுதான் இருந்தது. பழைய பிரஷ் எத்தனை வருடம் இதற்குள் சுழன்றதென்று அவனுக்குத் தெரியும். காலில்லாத, கண் தெரியாத மனிதர் யாரைக் கூப்பிட்டு, எந்த மரத்தடி மண்ணைக் கொண்டுவரச் சொல்லி, முகத்தையும் கையையும் கழுவிக்கொள்வார்? என்ன காரணம் சொல்லிக் கேட்பார்?

மேல்மண்ணில் இலைச்சருகு இருந்தது. அதை விலக்கிவிட்டு, அடியிலிருந்து சுத்தமான மண்ணாகப் பார்த்து ஒரு கை அள்ளினான். அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றும்போது வருகிற அதே அடக்கம் கையில் வந்தது. மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தின் உள்ளும் புறமும், நசுங்கிய நெளிவின் மடிப்பிலும் விரலால் பூசித் தேய்த்தான். பிரஷ்ஷையும், ரேஸரின் பிடியையும், கடைசியில் தன் கைகளையும் அப்படியே தேய்த்தான். பிறகு குழாயைத் திறந்தான். சேற்று நீர் வாழையின் வேருக்கு ஓடியது. ஒவ்வொரு தடவையும் முழுக்க வடியவிட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே, நல்ல தண்ணீர் விட்டான். ஐந்தாவதில் சந்தேகம் வந்தது. எண்ணிக்கை தவறியிருக்குமோ என்று, மறுபடி ஒரு கை மண் அள்ளி முதலிலிருந்து தொடங்கினான்.

முடிந்ததும் கிண்ணத்தைத் துணி துவைக்கும் கல்லின்மேல் வெயிலில் கவிழ்த்தான். பிரஷ்ஷை உதறி, கொடிக்கயிற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். ஈரத்தோடு எதையும் மூடிக் கொண்டுபோக அவனுக்கு மனமில்லை. இரண்டும் காயும்வரை அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சமையலறைச் சன்னலில் யாரும் இல்லை.